பான்கேக்கை மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போக முடியுமா?

தாம்பரம்_தோசைக்கல்:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். காலை ஏழு மணிக்கு மூடுகிற டப்பாவைப் பிற்பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கிறேன். இடைப்பட்ட ஆறு மணி நேரமும் அது ரயில் நெரிசலில் என்னோடு சேர்ந்து வேகிறது.

வீட்டில் ஓடிஜி என்ற சிறிய மின்சார அடுப்பு வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோதுமை பன், வாழைப்பழ கேக், ஓமம் போட்ட உப்பு பிஸ்கட் என்று ஏதாவது ஒன்றைச் சுட்டுக்கொண்டே இருக்கிறேன். அவையெல்லாம் டப்பாவில் நன்றாகவே தாங்குகின்றன. சிக்கல் பான்கேக்கில்தான். பேக்கிங் பவுடர் போட்டுத் தடிமனாக ஊற்றும் அமெரிக்க வகையானாலும், முட்டையும் பாலும் கலந்து மெல்லிசாக ஊற்றும் ஆங்கில வகையானாலும், கல்லிலிருந்து எடுக்கும்போது இருக்கும் மென்மை மதியத்தில் காணாமற்போய்விடுகிறது. ஓரம் ஈரமாகவும் நடுப்பகுதி ரப்பராகவும் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அலுவலகத்தில் ஒரே ஒரு மைக்ரோவேவ் அடுப்புதான் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் வரிசை முடிவதற்குள் உணவு இடைவேளை முடிந்துவிடும்.

ஆகவே எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். பான்கேக் என்பது கல்லின் அருகிலேயே நின்று சாப்பிட வேண்டிய பண்டம்தானா, அல்லது அதை ஆறிய பிறகும் சாப்பிடும்படி செய்ய வழி இருக்கிறதா? அப்படி வழி இல்லையென்றால், மதியச் சாப்பாடு என்று மரியாதையாகச் சொல்லக்கூடிய, வீட்டில் சுடத்தக்க பண்டம் வேறு எது? வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கேலி செய்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் “இட்லி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்ற ஒரு பதிலை மட்டும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.

மிளகாய்ப்பொடி_ரசிகர்:

இட்லி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு, அம்மா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன். இரவு ரயிலில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டி, நல்லெண்ணெயை இரு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டிக்கொண்டு போவது வெறும் பழக்கத்தால் அல்ல. எண்ணெய் இட்லியின் மேற்பரப்பை உலர விடாமல் காக்கிறது. பொடியில் தண்ணீர் இல்லாததால் நாட்பட்ட கெடுதலுக்கு அங்கே இடமில்லை. தேங்காய்ச் சட்னியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் வெயிலில் முதலில் ஊசிப்போவது அதுதான். இந்த ஏற்பாட்டில் இட்லி ஆறினால் சுவை குறைவதில்லை. பொடியும் எண்ணெயும் ஊறி, மதியத்து இட்லி காலை இட்லியைவிட ஒரு படி மேலாக இருக்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் பலர் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

புளியோதரையும் இதே நீதியில்தான் நிற்கிறது. புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து சோற்றைக் காக்கின்றன. தயிர்ச்சாதம் கட்டுகிறவர்கள் பாலை மிகுதியாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசைவதும் மதியத்துக்குள் அது அளவாகப் புளிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான். உங்கள் பான்கேக்கைச் செய்தவர்கள் அத்தகைய கணக்கு எதையும் போடவில்லை. அது தட்டுக்காகச் செய்யப்பட்டது, டப்பாவுக்காக அல்ல. என் வாதம் இவ்வளவுதான்.

பிளிமத்_வாசி:

மிளகாய்ப்பொடி ஐயா சொல்வதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் எல்லையை ஒட்டிய ஊரில் வசிப்பவன் என்ற முறையில் அதற்கு இந்தப் பக்கத்துச் சாட்சியையும் சேர்க்கிறேன்.

ஆங்கிலேயர்களே பான்கேக்கைக் கட்டிக்கொண்டு போவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாளான செவ்வாய்க்கிழமையில், வீட்டில் மிச்சமிருக்கும் முட்டை, பால், கொழுப்பு ஆகியவற்றைத் தீர்த்துவிடுவதற்காகச் சுடப்பட்ட பண்டம் அது. இன்றைக்கும் அந்த நாளில், ஒருவர் அடுப்பருகே நின்று ஊற்றிக்கொண்டேயிருக்க, மற்றவர்கள் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து சர்க்கரையைத் தூவிச் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். சுட்டவர் கடைசியாகத்தான் உட்காருவார். இந்த விஷயத்தில் அவர் நம் வீட்டுத் தோசை ஊற்றுபவருக்கு உடன்பிறப்பு. பான்கேக் ஓரளவு தூரம் பயணம் செய்வதென்றால் அது பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஓல்னி என்ற ஊரில்தான். அங்கே பெண்கள் வாணலியும் கையுமாக, பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, 415 கஜ தூரம் ஓடும் பந்தயம் அதே செவ்வாயன்று நடக்கிறது. அது 1445இல் தொடங்கியதாக ஊர்க்கதை சொல்கிறது. 1950 முதல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள லிபரல் என்ற ஊரும் அதே நாளில் ஓடி, இரு ஊர்களின் நேரங்களையும் ஒப்பிட்டு வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். தாம்பரம் நிலையத்தில் ஏழு மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இந்தப் பந்தயத்தில் நல்ல எதிர்காலம் இருக்கிறது.

கட்டிக்கொண்டு போவதற்கென்றே இங்கே பிறந்த பண்டம் பேஸ்டி. கார்ன்வாலின் தகரம், செம்புச் சுரங்கங்களில் இறங்கியவர்களும் வயல்களில் உழைத்தவர்களும் மதியச் சாப்பாடாக எடுத்துப்போனது அது. பாதி நிலா வடிவில் மடித்து ஓரத்தை முறுக்கிய மாவுக்குள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு என்ற மஞ்சள் கிழங்கு ஆகியவற்றை உப்பும் மிளகும் மட்டும் சேர்த்துப் பச்சையாகவே வைத்து மூடிவிடுவார்கள். எல்லாம் அடுப்பினுள்தான் வேகும். காய்கறியின் சாறும் இறைச்சியின் சாறும் வெளியே போக வழியின்றி உள்ளேயே குழம்பாகிவிடும். 2011 முதல் ‘கார்னிஷ் பேஸ்டி’ என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. கார்ன்வாலில் தயாரிக்கப்பட்டு, குறைந்தது 12.5 விழுக்காடு மாட்டிறைச்சியும் 25 விழுக்காடு காய்கறியும் உள்ளதற்குத்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம்; ஓர முறுக்கும் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், உச்சியில் அல்ல.

சுரங்கத்தொழிலாளிகள் கையில் ஒட்டிய ஆர்செனிக் நஞ்சுக்குப் பயந்து முறுக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு, பிறகு அதைத் தூக்கி எறிந்தார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் அனைவரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பழைய புகைப்படங்களில் அவர்கள் பேஸ்டியைத் துணிப்பையிலோ காகிதத்திலோ பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தின்கிறார்கள். பசித்த உழைப்பாளி வெந்த மாவை எறிவான் என்று கற்பனை செய்ய வயிறு நிறைந்தவரால்தான் முடியும்.

உங்களுக்கான செய்முறைக்கு வருகிறேன். மைதாவின் எடையில் ஏறக்குறைய பாதி எடைக்கு வெண்ணெயோ வனஸ்பதியோ எடுத்து, உப்புச் சேர்த்து விரல்நுனியால் உதிரியாகக் கலந்து, குளிர்ந்த நீர் தெளித்துப் பிசையுங்கள். பிஸ்கட் மாவைப்போல் மென்மையாகத் தொட்டுவிட்டு நிறுத்தக்கூடாது; பேஸ்டி மாவை நன்றாகவே பிசைய வேண்டும், அப்போதுதான் அது பையில் அடிபட்டாலும் உடையாது. சென்னை வெப்பத்தில் வெண்ணெய் உருகி ஓடிவிடுமாகையால், பிசைந்த மாவைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். உள்ளே உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், பச்சைப் பட்டாணி ஆகியவற்றை மிளகுத்தூளும் சிறிது வெண்ணெயும் சேர்த்து வையுங்கள். உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டாமல் மெல்லிய சீவல்களாகச் சீவினால்தான் அது மாவோடு ஒரே நேரத்தில் வேகும். முதல் இருபது நிமிடம் 200 டிகிரியிலும், பிறகு அரை மணி நேரம் 165 டிகிரியிலும் சுடுங்கள். முட்டை தேவையே இல்லை. மேலே பால் தடவினால் போதும். உங்கள் வெள்ளிக்கிழமைச் சிக்கலும் இத்துடன் தீர்ந்தது.

கூடுதலாக ஒரு செய்தி: பெட்ஃபர்ட்ஷயரில் கிளாங்கர் என்ற நீளமான பண்டம் உண்டு. அதன் ஒரு முனையில் இறைச்சியும் மறுமுனையில் ஜாமோ பழமோ இருக்கும், நடுவில் மாவுச்சுவர். சாப்பாடும் பாயசமும் ஒரே பண்டத்தில் முடிந்துவிடும். அதைத் தவறான முனையிலிருந்து தொடங்கினால் என்ன செய்வதென்று நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

யாழ்_வெதுப்பி:

பான்கேக்கைக் கட்டிக்கொண்டு போக முடியாது என்று இருவரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இலங்கையில் எந்தத் தேநீர்க்கடைக்குப் போனாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் பணிசுக்கும் (பன்னுக்கும்) ரோல்சுக்கும் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் சுருட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அது பிறகு என்னவாம்? காலையில் செய்தது அந்தியில் விற்பனையாகிறது. பள்ளிப் பிள்ளைகளின் பைகளிலும் அலுவலகம் போகிறவர்களின் பைகளிலும் அது நன்றாகவே பயணம் செய்கிறது.

அங்கே செய்வது தடித்த பான்கேக் அல்ல. கோதுமை மாவு, முட்டை, பால் அல்லது தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு ஆகியவற்றை நீர்க்கக் கரைத்து, அரை மணி நேரம் வைத்திருந்து மெல்லிசாக ஊற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் சேர்க்கக்கூடாது. சுட்டெடுத்தவற்றைத் துணிமேல் தனித்தனியாகப் பரப்பி ஆறவிட வேண்டும். உள்ளே வைக்கும் பூரணத்தில்தான் முழு நுட்பமும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பனங்கட்டியைச் சிறிது நீர்விட்டுக் காய்ச்சி வடித்து, அதில் தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் போட்டு, ஈரம் முழுவதும் வற்றி உருட்டினால் உருளும் பதத்துக்கு வரும்வரை கிண்டுவோம். தெற்கே கித்துள் பனையின் பாகில் செய்வார்கள். பச்சைத் தேங்காய் கெட்டுப்போகும் என்று மிளகாய்ப்பொடி அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் இனிப்பில் இப்படி வற்றக் காய்ந்த தேங்காய் ஒரு பகல் முழுவதும் அசையாது. பூரணத்தை நடுவில் வைத்து, இரு பக்கமும் உள்ளே மடித்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். மெல்லிய தோல் என்பதால் அது ஆறினாலும் ரப்பராவதில்லை. பூரணத்தின் மெல்லிய கசிவில் இன்னும் மிருதுவாகிறது.

இனிப்பு மட்டுமே மதியச் சாப்பாடாகாது என்றால், அதே தோலில் சீனிச்சம்பல் வைக்கலாம். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, செத்தல் மிளகாய்த்தூள், புளி, கறுவா, கறிவேப்பிலை ஆகியவற்றோடு சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, இறுதியில் சீனி போட்டு இறக்குவது அது. வழக்கமாக இதில் சேரும் மாசிக் கருவாட்டை மரக்கறி உண்பவர்கள் தவிர்த்துவிடலாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை பன்னுக்குள் வைத்துச் சுட்டாலும் அது அருமையாக இருக்கும். முச்சக்கரவண்டியில் பாணும் (ரொட்டியும்) பணிசும் ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டை அலறவிட்டபடி ஒழுங்கைக்குள் வருபவரிடம் எந்தப் பெட்டி முதலில் காலியாகிறது என்று பார்த்திருந்தால், பிளிமத் தம்பி தம் பேஸ்டிக்கு இவ்வளவு நீளமாக வக்காலத்து வாங்கியிருக்க மாட்டார்.

மாவுக்_கணக்கர்:

சண்டையை விலக்கிவிட்டு, பான்கேக் ஏன் ரப்பராகிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால் தடித்த வகையையும் ஓரளவு காப்பாற்றலாம்.

முதற்காரணம் கலக்குவது. மைதாவை நீரோடு சேர்த்து அதிகமாகக் கலக்கினால் குளூட்டன் என்ற புரத வலை இறுகும். சூட்டில் அது தெரியாது, ஆறியதும் தெரியும். சிறு கட்டிகள் இருக்கும்போதே கரண்டியை வைத்துவிட வேண்டும். இரண்டாவது, மாவுச்சத்தின் இயல்பு. வெந்து குழைந்த மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் ஒழுங்காக அடுக்கமைந்து விறைக்கிறது. குளிர்பெட்டியின் வெப்பநிலையில் இது மிக விரைவாக நடக்கும். ஆகவே முதல்நாள் சுட்ட பன்னையோ பான்கேக்கையோ குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதைவிட உறைபெட்டியில் வைப்பது நல்லது. கொழுப்பும் சர்க்கரையும் இந்த விறைப்பைத் தாமதப்படுத்துகின்றன. வாழைப்பழ கேக் டப்பாவில் நன்றாகத் தாங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய், சர்க்கரை, பழத்தின் ஈரம் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. பான்கேக் மாவிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் பாதி மசித்த வாழைப்பழமும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் எவர்சில்வர் டப்பா. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து நீராகச் சொட்டுகிறது. ஓர ஈரத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கம்பித் தட்டில் முழுமையாக ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால் ஒட்டாது. காலை ஏழு மணிக்கு அதற்கு நேரம் இல்லையென்றால் முதல்நாள் இரவே சுட்டுவிடுங்கள்.

முட்டையில்லாத வெள்ளிக்கிழமைக்குத் தயிரும் சமையல் சோடாவும் போதும். சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். ஒரு கோப்பைத் தயிருக்கு அரைத் தேக்கரண்டி சோடா சரியாக இருக்கும். மிகுந்தால் சோப்பு வாடை அடிக்கும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பை உலர்ந்த தூளாக முன்கூட்டியே கலந்துவிட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் அதை உருவாக்கியவர் பர்மிங்காமைச் சேர்ந்த மருந்துக்கலவையாளர் ஆல்ஃபிரட் பேர்டு. முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரும் அவர் கைவேலைதான். உங்கள் வெள்ளிக்கிழமைக்கு அவர் படத்தை அடுக்களையில் மாட்டி வைத்தாலும் தகும்.

சுருங்கச் சொன்னால், தயிரில் புளித்த மாவு, சிறு வட்டங்கள், சற்றுத் தடிமன், கூடுதலாக எண்ணெய், முட்டை இல்லை. இப்படிச் செய்தால் தடித்த பான்கேக்கும் ஆறு மணி நேரம் தாங்கும்.

மிளகாய்ப்பொடி_ரசிகர்:

புளித்த மாவு, சிறு வட்டம், தடிமன், எண்ணெய், முட்டை இல்லை. கணக்கர் ஐயா, இவ்வளவு விஞ்ஞானத்துக்குப் பிறகு நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம் குழிப்பணியாரம் என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மாவுக்_கணக்கர்:

மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் கட்சிக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் நம் பணியாரச் சட்டியைப் போலவே குழிகள் உள்ள சட்டியில் மைதா, முட்டை, மோர் கலந்த மாவை ஊற்றி, கம்பியால் திருப்பித் திருப்பி உருண்டையாக எப்லஸ்கீவர் சுடுகிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் அது இல்லாத வீடு அரிது. நெதர்லாந்தில் போஃபர்ச்சஸ் என்ற குட்டிப் பான்கேக்குகளும் குழிச்சட்டியில்தான் வேகின்றன. குழியில் வெந்ததற்குச் சுற்றிலும் தோல் உண்டு. வெட்டிய முகம் எங்கும் இல்லாததால் உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. ஆகவே தாம்பரம் சகோதரி பான்கேக் மாவைப் பணியாரச் சட்டியிலேயே ஊற்றலாம். பார்ப்பவர்கள் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளட்டும்.

தாம்பரம்_தோசைக்கல்:

அனைவருக்கும் மிக்க நன்றி. தடை செய்த வாக்கியத்தையே முதல் வரியாக எழுதியவருக்கும் நன்றி, அவர் சொன்ன காரணங்கள் பயன்பட்டதால்.

யாழ் அக்காவின் சுருளில் சீனிச்சம்பல் வைப்பதை முதலில் செய்யப்போகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பணியாரச் சட்டி பான்கேக். பேஸ்டியை விடுமுறை நாளில்தான் தொடுவேன், மாவைக் குளிரவைத்துச் சீவி மடித்து முறுக்குவது வேலைநாள் காலையில் நடக்கிற காரியம் அல்ல. ஒரே ஒரு துணைக்கேள்வி இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் தோழி விடுதி அறையில் ஒற்றை அடுப்பும் குக்கரும் மட்டும் வைத்திருக்கிறாள். பேஸ்டியைக் குக்கரில் சுட முடியுமா என்று கேட்கிறாள்.

பிளிமத்_வாசி:

பேஸ்டி சரிவராது, தங்கையே. குக்கரில் சூடு அடியிலிருந்துதான் ஏறும். மேல்மாவு வெந்தாலும் சிவக்காது, வெளிறிக் கிடக்கும். உள்ளிருக்கும் பச்சைக் காய்கறி வேகுமுன் அடி கருகிவிடவும் கூடும். கேக்கும் பன்னும் வரும். விசில் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலியை வைத்து, பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடாக்கிய பிறகு கேக் தட்டை வைத்து மூடித் தீயைக் குறைத்துவிடச் சொல்லுங்கள். கேக்குக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். முதல் இருபத்தைந்து நிமிடம் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. வெறும் குக்கரை இப்படிச் சூடாக்குவது அலுமினியத்துக்கு நல்லதல்ல என்பதால், விடுதிக்குப் பக்கத்துப் பாத்திரக்கடையில் கனமான பழைய இரும்புச் சட்டியும் அதற்கேற்ற மூடியும் கிடைத்தால் குக்கரைச் சோற்றுக்கு விட்டுவிடலாம்.

மிளகாய்ப்பொடி_ரசிகர்:

அதே குக்கரில் இரண்டு தம்ளர் தண்ணீரை ஊற்றி, வெயிட்டைப் போடாமல் மூடினால் பத்து நிமிடத்தில் என்ன வெந்திருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. தடை அமலில் இருக்கிறது.